மீட்டரக்கா கையை எடுத்த நாள்

ஒரு நாத்தனார் தன் அண்ணியைப் புகழ்ந்து பேசினால், கேட்கிறவர்கள் அவளுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். தாராளமாகத் தொட்டுப் பாருங்கள், எனக்குக் காய்ச்சல் இல்லை. என் அண்ணியைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசப் போகிறேன். பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம், நான் யாரையும் கையைப் பிடித்து உட்கார வைக்கவில்லை.

அண்ணிக்கு வேலை வாழைக்காயைப் பழமாக்குவது. சிரிக்காதீர்கள். "காய் தானா பழுக்காதா, அதுக்கு ஒரு ஆளா?" என்று கல்யாணமான புதிதில் என் அண்ணனே கேட்டு, அன்று பூராவும் சோறு கிடைக்காமல் இருந்தான். வீட்டில் தொங்குகிற ஒரு சீப்பு தானாகப் பழுக்கும். ஓர் ஊருக்கே ஒரே நாளில் ஒரே நிறத்தில் பழம் வேண்டும் என்றால் அதற்கு ஆள் வேண்டும். அண்ணியும் நானும் வேலை பார்க்கிற கிடங்கில் அதற்கென்று ஆறு அறைகள் உண்டு. லாரியில் பச்சையாக வந்து இறங்கும் காயைப் பெட்டி பெட்டியாக உள்ளே அடுக்கி, கதவைச் சாத்தி, பழுக்க வைக்கும் வாயுவைக் கொஞ்சம் விடுவோம். அது வேறொன்றும் இல்லை, காய் தன் உடம்பிலேயே சுரக்கிற ஹார்மோன்தான். நாம் கொஞ்சம் முன்னதாக ஞாபகப்படுத்துகிறோம், அவ்வளவே. ஞாபகம் வந்த காய் மூச்சு வாங்கும், சூடாகும். அந்தச் சூட்டைக் குளிர்காற்று விட்டு அளவாக இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏறினால் பழம் குழைந்துவிடும். குளிர் கூடினால் தோல் சாம்பல் பூத்துப் பழுப்பு நரம்பு ஓடிவிடும். அப்புறம் நீங்கள் தலைகீழாக நின்றாலும் அது நல்ல மஞ்சளுக்கு வராது.

இந்த ஆறு அறைக்கும் தலைமை என் அண்ணி. ஒவ்வொரு அறையின் வாசலிலும் ஒரு பெட்டி இருக்கும். பெட்டிக்குள் சூடு காட்டும் மீட்டரும், குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகும். பெட்டிச் சாவிகள் எல்லாம் அண்ணியின் மேல்கோட்டுப் பையில்தான் கிணுகிணுக்கும். ஆனால் அவள் முதலில் மீட்டரைப் பார்க்க மாட்டாள். கதவைத் திறந்து உள்ளே போய், கண்ணை மூடி, இடது கன்னத்தைக் காற்றுக்குக் காட்டி நிற்பாள். "பதினாறு" என்பாள். பிறகுதான் வெளியே வந்து மீட்டரைப் பார்ப்பாள். அது பதினாறு டிகிரி என்று காட்டும். கிடங்கில் எல்லாரும் அவளை மீட்டரக்கா என்று கூப்பிடுவது இதனால்தான்.

ஒரு தடவை மீட்டர் ஒன்று சொல்ல, கன்னம் வேறொன்று சொன்னது. அண்ணி கன்னத்தை நம்பிக் குளிரைக் கூட்டினாள். மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தபோது மீட்டரில் சூட்டை உணர்கிற பல்புதான் கெட்டுப் போயிருந்தது. ஓர் அறை நிறையப் பழம் தப்பித்தது. அன்றிலிருந்து எங்கள் கிடங்கில் ஒரு சட்டம். மீட்டருக்கும் அக்காவுக்கும் சண்டை வந்தால் எல்லாரும் அக்கா பக்கம்.

இப்படி இருந்தவளுக்கு ஐம்பது வயது நெருங்கும்போது வீட்டில் ஒரு சண்டை ஆரம்பித்தது. மின்விசிறிச் சண்டை. கீழே அண்ணன் குடும்பம், மாடியில் நான். அண்ணி விசிறியை முழு வேகத்தில் வைப்பாள், அண்ணன் போர்வைக்குள் பல் கிட்டிப் போய்க் கிடப்பான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், காலையில் கண்கள் சிவக்க மாடிப்படியில் வந்து உட்கார்ந்து என்னிடம் முறையிடுவான்.

"உன் அண்ணி என்னை ஏழாவது ரூம்னு நினைச்சுட்டாம்மா. என்னையும் பழுக்க வச்சுட்டுத்தான் விடுவா."

"நீ பழுத்து ரொம்ப நாளாச்சு. அழுகாம இருந்தா சரி" என்று அனுப்பி வைத்தேன்.

ஆனால் விஷயம் சிரிப்பாக இல்லை. அண்ணிக்கு மாசாமாசம் வருவது இரண்டு மாதம் வராது, பிறகு வந்தால் ஆளையே சாய்க்கும். திடீரென்று கழுத்திலிருந்து காதுவரை சிவந்து தண்ணீரில் நனைத்தது போல் வியர்க்கும். கொஞ்ச நேரத்தில் குளிரும். தூக்கம் போயிற்று. வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாள். சும்மா இருந்த அண்ணன் மேல் பாய்வாள், பிறகு பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று அழுவாள். உறவில் இருக்கிற பெரிய மனுஷிகளிடம் கேட்டால், "எல்லாருக்கும் வர்றதுதானே, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போ" என்றார்கள். பல்லைக் கடித்துக் கடித்தே எங்கள் வீட்டுப் பெண்களில் பாதிப் பேருக்குப் பல் இல்லை.

அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் வேலைக்கு வந்த ஒரு நாளில்தான் மூன்றாவது அறை போயிற்று.

காயெல்லாம் அடுக்கி, வாயு விட்டு, அன்றுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அண்ணி உள்ளே போய்க் கன்னத்தைக் காட்டினாள். வெளியே வந்தபோது முகம் ஜிவுஜிவு என்று இருந்தது. "இருபது இருக்கும் போலிருக்கே!" என்றாள். பெட்டி தூக்கும் வண்டியை ஓட்டுகிற மீசைக்காரர் பக்கத்தில் நின்றார். எங்களுக்கெல்லாம் அவர் வெறும் மீசைதான்.

"அக்கா, மீட்டர் பதினஞ்சு காட்டுது."

"பல்பு போயிருக்கும். முன்னாடியும் இப்படித்தானே ஆச்சு?"

திருகைத் திருப்பிக் குளிரைக் கூட்டினாள். மத்தியானம் மறுபடி உள்ளே போனாள், மறுபடி சுட்டது, மறுபடி திருப்பினாள். மீசை ஒன்றும் சொல்லவில்லை. பேக்கிங் மேஜையில் இருந்த நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. வேறு எந்தக் கிடங்கிலும் இது நடந்திருக்காது, அங்கேயெல்லாம் மீட்டரை நம்புவார்கள். நாங்கள் ஆளை நம்பிப் பழகிய கூட்டம்.

பழத்தை இறக்குகிற நாளில் கதவைத் திறந்தபோது அறை முழுவதும் சாம்பல். அடுப்புச் சாம்பலை அள்ளிப் பூசியது போல் இருந்தது. ஒரு பழமாவது மஞ்சளாக இருக்க வேண்டுமே! எல்லாம் மாட்டுத் தீவனத்துக்குப் போயிற்று. மெக்கானிக் வந்து மீட்டரைப் பிரித்துப் பார்த்தார். இந்தத் தடவை அதில் ஒரு குறையும் இல்லை.

எங்கள் முதலாளி அண்ணியைவிடச் சின்னவர், கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால்கூட நானும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல் பேசினார்.

"அக்கா, உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்ல. சாவியெல்லாம் இனிமே ஆபீஸ்லயே இருக்கட்டும். நீங்க பேக்கிங்ல உக்காந்து பார்க்கிற வேலையைப் பாருங்க."

அண்ணி சாவிக்கொத்தை எடுத்து அவர் மேஜையில் வைத்தாள். யானைக்கும் அடி சறுக்கும், அதற்காக யானையை ஸ்டிக்கர் ஒட்ட உட்கார வைப்பார்களா? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முதலாளியை நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நடந்தேன். அண்ணி நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"அவரைத் திட்டாதே. சாவி போனதுக்கு நான் அழலை. என் கன்னமே எனக்குப் பொய் சொல்லிடுச்சுடி. இனிமே எதை நம்பி நான் ஒரு கதவைத் திறப்பேன்?"

அவளிடமிருந்து அந்த ஆறு அறையையும் எடுத்துவிட்டால் அவளிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்தேன்.

அண்ணி உட்கார்ந்ததும், "கர்ப்பப்பை கெட்டுப் போச்சா டாக்டர்? எடுக்கணும்னா எடுத்துடுங்க. எனக்கு வேலை முக்கியம்" என்றாள், ஏதோ கெட்டுப்போன மோட்டாரைக் கழற்றச் சொல்வது போல.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார், ஏதேதோ கேட்டார், தைராய்டிலும் இப்படி வியர்க்கும் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லா முடிவும் வந்த பிறகு எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"கர்ப்பப்பை பாவம், அதைத் திட்டாதீங்க. இது மெனோபாஸ் நெருங்கற நேரம். ஆனா நீங்க படற பாட்டுல பாதி நடக்கறது இங்கே" என்று தன் நெற்றியைத் தொட்டார். "மூளைக்கு அடியில ஹைப்போதலாமஸ்னு ஒரு சின்ன இடம். அது ஒரு ஹார்மோனை விட்டு, பக்கத்துல கொண்டைக்கடலை அளவு இருக்கிற பிட்யூட்டரியை எழுப்பும். பிட்யூட்டரி தன் ஹார்மோனை ரத்தத்துல அனுப்பி, 'முட்டையை வளர்த்துவிடு'ன்னு சினைப்பைக்குச் சொல்லும். சினைப்பை ஈஸ்ட்ரோஜனை அனுப்பிப் பதில் சொல்லும். இத்தனை வருஷமா இப்படித்தான் பேச்சு நடந்துது. இப்ப முட்டை கையிருப்பு தீர்ந்துக்கிட்டு வருது. பதில் சரியா வரலை. பதில் வரலைன்னா மூளை என்ன செய்யும்?"

"இன்னும் சத்தமா கூப்பிடும்" என்றேன் நான். "எங்க அண்ணன் குளிக்கப் போயிட்டுத் துண்டு கேக்கற மாதிரி."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான். பிட்யூட்டரி ஹார்மோன் ஏறிக்கிட்டே போகும். அதோட நிக்கலை. இந்தக் கூப்பாட்டைத் தூண்டிவிடற நரம்பு செல்கள் மூளையில இருக்கு. ஈஸ்ட்ரோஜன் இருந்த வரைக்கும் அடங்கி இருந்துது. அது குறைஞ்சதும் துள்ளுது. உடம்புச் சூட்டைப் பார்த்துக்கற இடத்தையும் போய்ச் சீண்டுது. அந்த இடம் ஏமாந்துபோய், துளி சூடு கூடினாலே உடம்பு பத்தி எரியுதுன்னு நினைச்சுக்கும். உடனே ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பி, வியர்வையைக் கொட்டி, உங்களைக் குளிர வைக்கப் பார்க்கும்."

அண்ணி முகத்தில் பல நாளாகக் காணாமல் போயிருந்த ஒரு தெளிவு வருவதைப் பார்த்தேன்.

"அப்போ ரூம் நல்லா இருக்கு. தெர்மோஸ்டாட்தான் அளவு தப்பி நிக்குது" என்றாள்.

"ரொம்பச் சரி."

"அது தெரியாம நான் மூணாம் ரூமுக்குக் குளிரைக் கூட்டிட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "தெர்மோஸ்டாட் போனா நாங்க மாத்திடுவோம். மண்டையை என்ன பண்றது?"

"மண்டை இருக்கட்டும், மருந்து இருக்கு. ஹார்மோன் மாத்திரை சிலருக்கு ஒத்துக்காது, உங்களுக்கு ஒத்துக்கும்னுதான் ரிப்போர்ட் சொல்லுது. ஹார்மோன் வேண்டாம்னா அந்த நரம்பு செல்களை அடக்கற மருந்தும் வந்திருக்கு. பேசி முடிவு பண்ணலாம். ராத்திரி தூங்க ஆரம்பிச்சாலே மறதியும் கோபமும் பெரும்பாலும் குறையும். கொஞ்சம் கொஞ்சமா மூளையும் பழகிக்கும். சிலருக்கு அதுக்கு வருஷக் கணக்காகும், அதையும் சொல்லிடறேன்."

"இந்தச் சூடு ஒரு தடவை வந்தா எவ்வளவு நேரம் நிக்கும்?"

"சில நிமிஷம்தான்."

அந்தப் பதிலைக் கேட்டதும் அண்ணி எழுந்துவிட்டாள். மருந்துச் சீட்டை வாங்கவே மறந்து வெளியே நடந்தாள், நான்தான் ஓடிப் போய் வாங்கி வந்தேன். அன்றைக்கே அவள் நேராகக் கிடங்கு ஆபீசுக்குப் போவாள் என்று நான் நினைக்கவில்லை.

ஆபீசில் முதலாளியும் மீசையும் அடுத்த லோடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணி உட்காரவில்லை.

"முதலாளி, எனக்கு மாதவிடாய் நிக்கிற காலம். மூளையில சூடு பார்க்கிற இடம் இப்ப ஏமாறுது, ரூம் நல்லா இருக்கும்போதே எனக்குச் சுடுது. மூணாம் ரூம் போனதுக்குக் காரணம் அதுதான். மீட்டர் சொன்னது சரி. நான் சொன்னது தப்பு."

மீசை மேலே பார்த்தார். முதலாளி மேஜையில் இருந்த பேனாவை ஏதோ முதல் தடவை பார்ப்பது போல் பார்த்தார். "அக்கா, இதையெல்லாம் இங்க வந்து..." என்று இழுத்தார்.

"இங்கதான் சொல்லணும். தப்பு இங்கதானே நடந்துச்சு?"

எனக்குப் புல்லரித்தது. மாத்திரைப் பட்டையைக்கூட முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு போகிற வீட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். இவள் ஆபீஸ் நடுவில் நின்று, காய்ச்சல் சளி என்று சொல்வதுபோல் அதைச் சொல்கிறாள்! அடி என் தங்கமே என்று மனசுக்குள் கத்திக்கொண்டேன்.

பிறகு அவள் தன் கணக்கைச் சொன்னாள். இனிமேல் கன்னம் சொன்னது என்று யாரும் திருகைத் தொடக் கூடாது. மீட்டர் சொன்னது என்றும் தொடக் கூடாது. பழத்துக்குள்ளேயே குத்திச் சூடு பார்க்கிற ஊசி மீட்டர் ஒன்று எங்கள் அலமாரியில் தூங்குகிறது, அதை எடுக்க வேண்டும். மேல் பெட்டி, நடுப்பெட்டி, கீழ்ப்பெட்டி மூன்றிலும் குத்தி இன்னொரு ஆள் பார்த்துச் சொன்ன பிறகுதான் திருகு. "எனக்குச் சுட்டா, அது போற வரைக்கும் நான் பெட்டியைத் தொட மாட்டேன்."

முதலாளி பேனாவை மூடி வைத்தார். "அடுத்த லோடும் மூணாம் ரூம்தான்" என்றார் கடைசியில். "நானும் கூடவே நிக்கறேன். இதுவும் கெட்டுதுன்னா, அதுக்கப்புறம் நீங்க சாவி கேக்கக் கூடாது அக்கா."

"கேக்க மாட்டேன்" என்றாள்.

காய் வந்தது. அடுக்கினோம். மாத்திரை தொடங்கியிருந்தாள், ஆனால் அது மந்திரம் இல்லையே, மறுநாளே குணமாக? முதல் இரண்டு நாள் பிசகில்லாமல் போயிற்று. நிறம் மாறுகிற நாள் வந்தது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மீசை வண்டியை அணைத்துவிட்டு வந்து நின்றார். நான் ஊசி மீட்டரோடு நின்றேன். அண்ணி உள்ளே போய்க் கன்னத்தைக் காட்டினாள், வெளியே வந்தாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. மேலுதட்டில் வியர்வை.

அவள் கை தானாகப் பெட்டிக்குப் போயிற்று. எத்தனை வருஷப் பழக்கம், கைக்கு யார் சொல்லிக் கொடுப்பது? மூடியைத் திறந்து விரல் திருகின் மேல் உட்கார்ந்துவிட்டது. முதலாளி பார்த்துவிட்டார். மீசையும் பார்த்துவிட்டார். வேண்டாம் அண்ணி, வேண்டாம் என்று நான் கத்த வாயெடுத்தேன்.

அண்ணி கையை எடுத்தாள்.

"சுடுது முதலாளி" என்றாள். "இது எனக்கு. ரூமுக்கும் சுடுதான்னு அப்புறம் பார்ப்போம். கொஞ்சம் இருங்க, இது போகட்டும்."

வாசலில் கிடந்த காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். அட்டைப்பெட்டி மூடி ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டாள். முதலாளி காத்திருந்தார், மீசை காத்திருந்தார், நான் காத்திருந்தேன். ஒரு பெண்ணுக்குச் சுடுகிறது என்பதற்காக ஆண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பேசாமல் நின்றதை என் ஆயுசில் அன்றுதான் பார்த்தேன். மீசை தானே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அண்ணி ராணி மாதிரி வாங்கிக் குடித்தாள்.

சிவப்பு இறங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இப்ப குத்திப் பாரு" என்றாள் என்னிடம். மேல் பெட்டி, நடுப்பெட்டி, கீழ்ப்பெட்டி என்று குத்தினேன். சொல்லில் ஊசி ஏற்றிப் பழகிய முதலாளி, நிஜமாகவே வாழைப்பழத்தில் ஊசி ஏறுவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் பதினாறுக்குள்ளதான் இருக்கு அண்ணி. சரியா இருக்கு."

"அப்போ யாரும் கையை வைக்காதீங்க" என்று பெட்டியை மூடினாள்.

அந்த லோடைத் திறந்த நாள் எனக்கு மறக்காது. கதவு திறந்ததும் அறை முழுக்க மஞ்சள். கீழிருந்து மேல்வரை ஒரே மஞ்சள், காம்பில் மட்டும் இத்தனூண்டு பச்சை. கடைக்காரர்கள் கொத்திக்கொண்டு போகிற பழம். முதலாளி ஒரு சீப்பைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆபீசுக்குப் போய்ச் சாவிக்கொத்தோடு வந்தார்.

"சுடும்போது திருகாம இருந்தீங்களே, அதுக்குத்தான் அக்கா இது" என்று அவள் கையில் வைத்தார். இந்தத் தடவை அந்தப் பேச்சில் ஊசி இல்லை.

அண்ணி கொத்தைப் பையில் போடவில்லை. "இன்னொரு கொத்து போடுங்க முதலாளி. ரெண்டு பேர்கிட்ட இருக்கணும்" என்று சொல்லி, பேக்கிங் மேஜைக்கு வந்து எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்தாள். "இன்னொண்ணு இவகிட்ட."

"எனக்கு எதுக்கு அண்ணி?"

"இப்ப என் மண்டை பொய் சொல்லுது, நீ நிஜத்தைச் சொல்றே. நாளைக்கு உன் மண்டை பொய் சொல்லும், அப்ப நான் சொல்றேன்."

"அதுக்கெல்லாம் எனக்கு இன்னும் எவ்வளவோ காலம் இருக்கு!" என்று எகிறினேன். "எனக்கென்ன வயசாச்சு?"

அண்ணி சிரித்தாள். "போன வாரம் பூரா இந்த மேஜை ஃபேனை முழு வேகத்துல வச்சது யாருடி? இவங்கள்லாம் குளிருது குளிருதுன்னு கத்தக் கத்த, கோபத்துல ரெகுலேட்டரையே பிடுங்கப் போனது யாரு?"

மேஜையில் இருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நறுக்கென்று ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பதிலே இல்லாமல் நான் நின்றதாக இந்தக் கிடங்கில் யாரும் சொல்ல முடியாது. அதற்குள் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்துக்கு ஏறியது. கோபம் என்றுதான் நினைத்தேன். கோபத்துக்குப் பிடரியில் தண்ணீர் வழியுமா? மீசை அங்கேதான் நின்றார், முதலாளியும் நின்றார். வாயை மூடிக்கொண்டு முந்தானையால் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். பக்கத்தில் என் அண்ணி நிற்கும்போது அப்படிப் போக எனக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்குத்தான் அண்ணி, சுடுது" என்றேன், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

அவள் மேஜையடியில் கிடந்த ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்து, காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். "உக்காரு. போயிடும்" என்றாள்.

நான் உட்கார்ந்தேன்.